எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம்

விமானம் எரிந்துகொண்டே வந்ததை முதலில் பார்த்தவள் வேம்புலியம்மாள்தான். பார்த்தும் அவள் கத்தவில்லை. அம்மனுக்குக் கூழ் காய்ச்சுகிறவள் எச்சில் தெறிக்காமலிருக்க வாயைத் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். கூழ்ப்பானை அடுப்பைவிட்டு இறங்கும்வரை பேசக் கூடாது. கீழ்மணப்பாக்கத்தில் அது தலைமுறை தலைமுறையாக இருக்கிற கட்டுப்பாடு. கையில் துடுப்பும் வாயில் துணியுமாகக் கோயில் வாசலில் நின்றபடி, ஒரு வைக்கோல்போர் பற்றியெரிந்துகொண்டு வானத்தில் வருவதைப் போல அது வருவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பட்டாளத்து விமானங்கள் அந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை. குண்டு போடுகிற விமானம், அதில் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று ஆவடிக்கு வேலைக்குப் போய்வருகிறவர்கள் சொல்வார்கள். கனத்த வயிற்றோடு அது தாழப் பறந்தால் கூரை ஓலைகள் நடுங்கும், எருமைகள் கயிற்றை அறுத்துக்கொள்ளும். மற்றபடி அதனால் ஊருக்கு நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை.

அன்று அதன் வயிற்றிலிருந்து கறுப்பாக ஏதோ உதிர்ந்தது. உதிர்ந்தது நடுவானத்தில் வெள்ளைக் குடையாக விரிந்தது. விமானம் மட்டும் நெடுஞ்சாலையைத் தாண்டிப் போய், திருமழிசைப் பக்கம் வறண்டு கிடந்த ஏரியில் விழுந்தது. அடுப்பின் மேலிருந்த பானை அதிர்ந்தது. கரும்புகை தென்னை உயரத்துக்கு எழுந்தது. அதற்குள் இருந்த மற்ற மூன்று பேரும் கரிக்கட்டையாகிவிட்டார்கள் என்பது ஊருக்குப் பிறகுதான் தெரிந்தது.

வெள்ளைக் குடை அசைந்து அசைந்து வந்து, எத்திராஜின் வேர்க்கடலைக் கொல்லையில் இறங்கியது.

எத்திராஜ் கோயில் தர்மகர்த்தா. ஊரில் ஓட்டு வீடு அவருடையது மட்டும்தான். ஆண்கள் எல்லோரும் அவர் பின்னால் ஓடினார்கள். வேம்புலியின் புருஷன் நாகப்பனும் ஓடினான். அவன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் வேலை பார்ப்பவன். கையில் காப்புக் கயிறு கட்டிவிட்டால் திருவிழா முடிகிறவரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அதனால் ஒவ்வோர் ஆடியிலும் ஒரு வாரம் வேலைக்குப் போகமாட்டான். போர்மேன் திட்டுவதை வாங்கிக்கொள்வான். வீட்டுக்கு ஓர் ஆண்பிள்ளை கயிறு கட்ட வேண்டும். அதோடு நேர்த்திக்கடன் உள்ள பெண்களும் கட்டிக்கொள்வார்கள். அந்த வருஷம் வேம்புலியின் கையிலும் மஞ்சள் கயிறு இருந்தது. சாயந்திரம் அவள் தீச்சட்டி எடுக்க வேண்டும்.

அந்தத் தீச்சட்டி அவளுடைய மகள் புஷ்பாவுக்காக. இரண்டு வருஷத்துக்கு முந்தி, காப்புக் கட்டியிருந்த சமயத்தில் எங்கிருந்தோ வந்த ஒரு பரதேசி கோயில் மண்டபத்தில் செத்துக் கிடந்தான். எல்லைக்குள் சாவு விழுந்துவிட்டதால் எல்லோருடைய கயிற்றையும் அறுத்தார்கள். கூழ் மண்ணுக்குள் போனது, திருவிழா நின்றது. அடுத்த கோடையில் பெரியம்மை வந்தது. தெருவுக்குத் தெரு குழந்தைகள் போயின. வேம்புலியின் மூத்த பையனும் போனான். புஷ்பா முகமெல்லாம் தழும்போடு தப்பினாள். "இவளையாச்சும் எனக்கு வுட்டுடு தாயே, உனக்குச் சட்டி எடுக்கிறேன்" என்று வேப்பிலைப் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் அழுத அழுகை இன்னும் அந்தக் குடிசைச் சுவரில் இருந்தது.

ஆகவே கொல்லையில் விழுந்தவன் உயிரோடிருக்கிறான் என்று தெரிந்ததும் ஊருக்கு வந்தது இரக்கம் இல்லை, பயம்.

சின்ன வயசுக்காரன். மீசை சரியாக முளைக்கவில்லை. சட்டை ஒரு பக்கம் எரிந்து தோலோடு ஒட்டியிருந்தது. கால்கள் அசையவில்லை. கண் திறந்திருந்தது. தன்னைச் சுற்றி நின்ற முகங்களைப் பார்த்துச் சிரிக்க முயன்றான். பிறகு கையை வாய்க்கு அருகே கொண்டுபோய்க் கட்டை விரலைச் சாய்த்துக் காட்டினான்.

"தண்ணி கேக்கிறான்" என்றான் நாகப்பன்.

"உனுக்குத் தெரியாதா இன்னா நடக்கும்னு?" என்றார் எத்திராஜ். "தண்ணி குடுத்த அடுத்த நிமிசம் வாயைப் பொளப்பான். உன் பையன் போனது போதலையா? பொழுது சாயறதுக்குள்ள போற கேசு இது. எல்லைக்குள்ள போவக் கூடாது, அவ்ளோதான்."

"ரோட்டாண்ட போய்ச் சொன்னா மிலிட்டரிக்காரங்க..."

"எவன் போவான்? கயிறு கட்டினவன் எல்லைய தாண்டுவானா? பொம்பளைங்கள அனுப்பலாம்னு பாக்கிறியா? மிலிட்டரி வந்தா பூட்ஸ் காலோட கருவறை வரைக்கும் வருவான். அப்பால போலீஸ், விசாரணை. கூழை நாய்க்கு ஊத்த வேண்டியதுதான்."

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். அவர்களில் பாதிப் பேர் குழந்தையைப் புதைத்தவர்கள். இப்படியெல்லாம் கேட்டது அம்மனில்லை. பயந்த மனிதர்கள் அவள் வாயில் வைத்த பேச்சு அது. ஆனால் அதைப் பிரித்துப் பார்க்கிற தெம்பு அந்த வெயிலில் ஒருவருக்கும் இல்லை.

அவனை அவனுடைய குடைத் துணியிலேயே கிடத்தித் தூக்கினார்கள். கொல்லையின் கிழக்கு ஓரத்தில், ஒற்றைப் பனைமரத்துக்குக் கீழே எல்லைக்கல் இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் மேல்மணப்பாக்கம். நெடுஞ்சாலைக்குப் போகிற வழியும் அந்தப் பக்கம்தான்.

கல் வரைக்கும் போனவர்கள் நின்றார்கள். தூக்கியவர்கள் நால்வர் கையிலும் காப்பு இருந்தது. தாண்ட முடியாது. அதற்கும் எத்திராஜ்தான் வழி சொன்னார். துணியைத் தொட்டில்போல முன்னும் பின்னும் வீசினார்கள். வீச்சு வாகாக வந்ததும் அந்தப் பக்கத்து இரண்டு மூலைகளை விட்டுவிட்டு இந்தப் பக்கத்து இரண்டு மூலைகளை இழுத்தார்கள். ஆள் அந்தப் பக்கம் போய் விழுந்தான். துணி இந்தப் பக்கம் வந்துவிட்டது.

அவன் போட்ட சத்தம் கோயில்வரைக்கும் கேட்டது. வேம்புலி துடுப்பைப் பிடித்தபடியே நின்றாள். வாயில் துணி இருந்தது. கூழ் இன்னும் இறங்கவில்லை.

"இன்னா வழவழன்னு கீது பாருப்பா!" என்று ஒருவன் துணியைத் தடவினான். "பட்டு தோத்துப் போவும்."

"ஒருத்தனும் கை வைக்காதீங்க. அம்மனுக்குப் பந்தல் கட்டலாம்" என்றார் எத்திராஜ். துணியை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டார்.

கூழை இறக்கி, வாய்த்துணியை அவிழ்த்து, வேம்புலி கொல்லைக்கு ஓடிவந்தபோது கல்லுக்கு அந்தப் பக்கத்திலும் ஆட்கள் கூடியிருந்தார்கள். மேல்மணப்பாக்கத்து அய்யாசாமி முன்னால் நின்று கத்திக்கொண்டிருந்தான். அவர்களுக்கும் ஆடி, அவர்களுக்கும் அம்மன், அவர்கள் கையிலும் மஞ்சள் கயிறு.

"யோவ் எத்திராஜு! உங்க ஊட்டுப் பொணத்த எங்க தலையில கட்டறியா?"

"பொணம்னு யாருப்பா சொன்னது? கண்ணு முழிச்சிகினு கீறான் பாரு."

"கண்ணு முழிச்சிகினு கீறான்னா நீயே இட்டுகினு போய்ப் பால் ஊத்து மாமே. மருமவன் மாரி வச்சிக்க!"

இரண்டு பக்கமும் சிரித்தார்கள். ஆமாம், சிரித்தார்கள். அய்யாசாமியின் ஆட்கள் ஒரு காய்ந்த பனைமட்டையை அவன் முதுகுக்கடியில் கொடுத்து நெம்பினார்கள். அவன் புரண்டு இந்தப் பக்கம் வந்து குப்புற விழுந்தான். வாயில் மண் புகுந்தது.

"மாமா!" என்று வேம்புலி எத்திராஜின் முன்னால் போய் நின்றாள். "வாணாம் மாமா. கூழ் ஊத்தற நாள்ல கேட்டு வந்தவனுக்கு இல்லைன்னு சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க. ஒரு வாய் குடுத்துட்டு அப்பால இன்னா வேணா பண்ணுங்க."

"கேட்டா வந்தான் அவன்? வானத்துலேர்ந்து உழுந்தான்!" என்றார் எத்திராஜ். மறுபடியும் சிரிப்பு.

"இவளுக்குப் புள்ளை பயம் பூடுச்சி போலக்கீது" என்றாள் கெங்கம்மாள். அவள் வேம்புலியின் பக்கத்து வீட்டுக்காரி. பெரியம்மை வந்த கோடையில் இருவரும் ஒன்றாக அழுதவர்கள். "கட்டின கயிறோட தீட்டைத் தொடப் போறியாடி? புஷ்பாவ நெனச்சுப் பாத்தியா?"

வேம்புலி நினைத்துத்தான் பார்த்தாள். அவளுடைய கால் அப்படியே நின்றுவிட்டது.

இந்தத் தடவை துணி இல்லை. கையையும் காலையும் பிடித்துத் தூக்கினார்கள். இடது காலைப் பிடித்தவன் நாகப்பன். அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே பிடித்தான். "ஏலேலோ" என்று எவனோ குரல் கொடுத்தான். ஆள் கல்லுக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தபோது முதுகில் ஏதோ முறிந்தது. காய்ந்த விறகு முறிகிற மாதிரியான அந்தச் சத்தத்துக்குப் பிறகு அவன் கத்தவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. கை மறுபடியும் வாய்க்குப் போனது. கட்டை விரல் சாய்ந்தது.

அதைப் பார்த்துக்கொண்டு வேம்புலியால் நிற்க முடியவில்லை. அவளுடைய பையனும் கடைசி நாளில் பேச்சு நின்ற பிறகு அப்படித்தான் கையைக் காட்டினான். அப்போது அவள் கொடுத்தாள். கொடுத்தும் போனான். கொடுக்காமல் போயிருந்தால் இந்த ஒரு வருஷத்தை அவள் எப்படிக் கழித்திருப்பாள்?

கோயிலுக்குத் திரும்பி ஓடினாள். அம்மனுக்கு முன்னால் பெரிய பானை ஆறிக்கொண்டிருந்தது. இன்னும் படைக்கவில்லை. பூசாரி துலுக்கானம், "இன்னாமா?" என்று கேட்பதற்குள் ஒரு செம்பு மொண்டு, மோரும் தண்ணீரும் விட்டு நீர்க்கக் கரைத்தாள்.

"அம்மாவுக்கு முன்னாடியே எடுக்கிறியே" என்றான் துலுக்கானம்.

"அவளுக்குத்தான் கொண்டுபோறேன்" என்றாள்.

ஓடிவந்து, ஊர் பார்க்கக் கல்லைத் தாண்டினாள். தாண்டி உட்கார்ந்து அவன் தலையை மடியில் எடுத்து வைத்தாள். வாயிலிருந்த மண்ணை விரலால் வழித்தாள். கூழை உள்ளங்கையில் ஊற்றி உதட்டில் விட்டாள். முதல் வாய் வெளியே வழிந்தது. இரண்டாவது வாய் உள்ளே இறங்கியது. அவன் அவளுடைய மணிக்கட்டை, கயிறு கட்டிய மணிக்கட்டையே, பிடித்துக்கொண்டான்.

"இன்னாங்க!" என்று வேம்புலி கல்லுக்கு இந்தப் பக்கம் நின்ற புருஷனைக் கூப்பிட்டாள். "உசுரு நல்லா ஓடுது. ரோட்டுக்கு ஓடுங்க. ஒரு வண்டிக்காரங்கிட்ட சொன்னா போதும். என் கையைப் புடிச்சிகினு கீறான், என்னால ஏந்திரிக்க முடியல."

நாகப்பன் கல் வரைக்கும் வந்தான். கால்விரல்கள் கல்லைத் தொட்டன. அங்கிருந்து பார்த்தால் நெடுஞ்சாலையில் பூந்தமல்லிக்குப் போகிற பஸ் தெரிந்தது. அவன் தன் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தான். எத்திராஜைப் பார்த்தான். ஊரைப் பார்த்தான்.

"ஓடுங்கன்றேன் இல்ல!"

அவன் ஓடவில்லை. அங்கேயே நின்றான். பனைமரத்தின் நிழல் கல்லின் மேல் ஏறி அந்தப் பக்கம் போகிறவரை நின்றான். மடியில் கிடந்தவன் இன்னும் ஒரு வாய் குடித்தான். பிறகு குடிக்கவில்லை. பிடித்த கை தானாக விட்டது.

சாவு விழுந்ததும் சண்டை ஆரம்பித்தது.

"உங்க எல்லையிலதான் செத்தான்" என்றார் எத்திராஜ்.

"மடி யாரோட மடி? உங்க ஊட்டுப் பொம்பளை மடியில செத்தான். சாவு மடியிலதான் கீது, மண்ணுல இல்ல" என்றான் அய்யாசாமி.

வேம்புலி செத்தவனின் தலையை மெல்லத் தரையில் இறக்கி, முந்தானையால் முகத்தை மூடினாள்.

ஏரிக்கரையில் ஓர் ஆளின் உடல் குறைவதைக் கண்டுபிடித்துத் தேடிக்கொண்டு ஜீப் வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. அதிகாரியோடு தமிழ் தெரிந்த ஒரு சிப்பாயும் ஒரு டாக்டரும் இருந்தார்கள். டாக்டர் முதுகைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். சிப்பாய் கேட்டான்: "இவரை யாராவது தூக்கினீங்களா?"

எத்திராஜ் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "நாங்க கையே வெக்கல சாமி. உழுந்த எடத்துலேயே கீறாரு. எங்க ஊர்ப் பொம்பளைங்கதான் வாய்க்கு ஊத்திப் பாத்தாங்க. பகவான் எடுத்துக்கினாரு."

"குடைத் துணி எங்கே?"

"பாக்கலையே சாமி. காத்துல பூட்டிருக்கும்."

அதிகாரி கீழே கவிழ்ந்து கிடந்த செம்பைப் பார்த்தார். செத்தவனின் மோவாயில் காய்ந்திருந்த கூழைப் பார்த்தார். குனிந்து செம்பை எடுத்து, ஒட்டியிருந்த மண்ணைத் தன் கைக்குட்டையால் துடைத்து, இரண்டு கையாலும் வேம்புலியிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள்.

"ரெண்டு வாய்தான் சாமி குடிச்சாரு" என்றாள். அதற்கு மேல் சொல்ல வாய் எடுத்தாள். கல்லுக்கு இந்தப் பக்கம் நாகப்பன் தரையைப் பார்த்தபடி நின்றிருந்தான். அவள் நிறுத்திக்கொண்டாள். ஜீப் போய்விட்டது.

அன்று தீச்சட்டி எடுத்தவர்களில் அவள் இல்லை. அவளைக் கோயிலுக்கு வெளியே நிறுத்தி, அவள் கயிற்றைப் பூசாரி அறுத்தான். "அம்மா உன்னக் கோச்சிக்க மாட்டாம்மா" என்று அவள் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான். எத்திராஜ் அறுந்த கயிற்றைக் காலால் தள்ளினார். நேர்ந்துகொண்டதைச் செய்ய முடியாமல் போனவளுக்கு என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும் என்பதுபோல கெங்கம்மாள் பார்த்தாள்.

"புள்ளைய அம்மா இட்டுகினு பூட்டா எங்களை ஒண்ணும் சொல்லாத."

அன்றிரவிலிருந்து வேம்புலி புஷ்பாவின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஊரும் தொட்டுப் பார்க்காத குறைதான். தண்ணீருக்குப் போனால், "புஷ்பா எப்படி கீறா?" விறகுக்குப் போனால், "புஷ்பாவுக்கு ஒண்ணும் இல்லியே?" கேட்கிறவர்கள் குரலில் அக்கறை மாதிரி ஒன்று இருக்கும். பதிலைக் கேட்டதும் அது வடிந்துவிடும். ஆவணி போனது, கார்த்திகை போனது, கோடையும் வந்து போனது. புஷ்பாவுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. கன்னம் உப்பி, தழும்புகள் மங்கி, தெருவில் நொண்டி விளையாடினாள். அதைத்தான் ஊரால் மன்னிக்க முடியவில்லை. அவளோடு விளையாடின தன் மகளைக் கெங்கம்மாள் முதுகில் அறைந்து இழுத்துக்கொண்டு போனாள்.

நாகப்பன் அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வேலைக்குப் போனான், வந்தான், சாப்பிட்டான். சாப்பிடும்போது சில சமயம் கை வாய்க்குப் போகிற வழியில் அப்படியே நின்றுவிடும். வேம்புலி அதைப் பார்ப்பாள். குழம்பை நகர்த்தி வைப்பாள்.

மறு ஆடி வந்தது. அம்மன் தலைக்கு மேல் வெள்ளைத் துணிப் பந்தல் கட்டினார்கள். காற்றடித்தால் அது வயிறு உப்பி எழும். வெளியூரிலிருந்து கூழுக்கு வந்தவர்கள் அண்ணாந்து பார்த்து, "எந்த ஊர் துணிப்பா இது?" என்று வியந்தார்கள். "அம்மா கொண்டாந்து போட்டது" என்று எத்திராஜ் சொன்னார்.

பூசாரி காப்புத் தட்டோடு வீடு வீடாக வந்தான். நாகப்பன் கையை நீட்டவில்லை.

"இன்னா அண்ணாத்தே?"

"இந்த வருசம் வாணாம் பூசாரி. எனக்கு எல்லைக்கு அந்தாண்ட வேலை கீது."

சொல்லிவிட்டுத் தயங்கி நிற்காமல் ஒரு புதுப் பானையைத் தோளில் வைத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் நடந்தான். பனைமரத்துக்குக் கீழே, கல்லைத் தாண்டி, மணல் பரப்பிப் பானையை வைத்து, ஊர்க் கிணற்றிலிருந்து நாலு நடை தண்ணீர் சுமந்து ஊற்றினான். ஒவ்வொரு நடையிலும் கல்லைத் தாண்டினான். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது.

"செத்தவனுக்குத் தண்ணிப்பந்தலாடா?" என்று எவனோ கேட்டான்.

"வெயிலு கொளுத்துது. போறவன் வர்றவன் குடிப்பான்" என்றான் நாகப்பன்.

காலையில் பானை உடைந்து கிடந்தது. எந்த ஊர்க்காரன் கல் எறிந்தான் என்று அவன் விசாரிக்கவில்லை. இன்னொன்று வாங்கிவந்து வைத்தான். அதுவும் உடைந்தது. மூன்றாவது பானையை அவன் தூக்கிக்கொண்டு போனபோது வேம்புலி அடுக்களைக்குள் போய், ஒரு வருஷமாக எதற்கும் எடுக்காமல் கவிழ்த்து வைத்திருந்த செம்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். பானை மூடியின் மேல் அதை வைத்தாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அந்த வருஷத்தில் முதல் தடவையாக நேராகப் பார்த்தான்.

"அன்னிக்கே தாண்டியிருக்கணும்" என்றான்.

இல்லை என்று சொல்லிவிட அவளால் முடியவில்லை.

மறுநாள் உச்சிவேளையில் அவள் மட்டும் போய்ப் பார்த்தாள். பானை நின்றிருந்தது. செம்பு இடம் மாறியிருந்தது. தண்ணீர் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. யார் குடித்தார்கள் என்று தெரியவில்லை. முந்தானையைச் செருகிக்கொண்டு, தண்ணீர் கொண்டுவரக் கிணற்றுக்குத் திரும்பினாள்.